யாரைப் போல் இருக்க யார் அனுமதிப்பது? தேரிக்காட்டிலிருந்து சில சான்றுகள்



ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தைச் சந்திக்கும்போது எதை எடுத்துக்கொள்கிறது, எதைத் தள்ளுகிறது, எடுத்ததை என்ன செய்கிறது என்பது மானிடவியலின் பழைய கேள்வி. போலச்செய்தல், மற்றமை என்ற இரண்டு சொற்களால் இன்றைய ஆய்வுலகம் அதைக் குறிக்கிறது. 1832இல் டார்வின் தென்னமெரிக்காவின் கடைக்கோடியான டியரா டெல் ஃபியூகோவில் இறங்கியபோது, அங்கிருந்த மக்கள் கப்பல்காரர்களின் இருமலையும் கொட்டாவியையும் முகக்கோணலையும் அச்சுப் பிசகாமல் திருப்பிச் செய்து காட்டியதைக் கண்டு வியந்து எழுதினார். போலச்செய்யும் திறமை ‘நாகரிகம் அடையாதவர்களின்’ இயல்பு என்ற எண்ணம் அந்த வியப்போடு சேர்ந்தே வளர்ந்தது. ஆனால் அதே குறிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. முதலில் முகத்தைக் கோணிக் காட்டியவர்கள் கப்பலில் வந்தவர்களில் சிலர். 1993இல் ‘மைமெஸிஸ் அண்ட் ஆல்டெரிட்டி’ என்ற நூலை எழுதிய மைக்கேல் டாசிக் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். யார் யாரைப் போலச் செய்தார்கள் என்பது அவ்வளவு எளிதாகப் பிரித்துச் சொல்லக்கூடியதன்று என்பது அவர் வாதம். நான் அந்த வாதத்தை நம் மண்ணுக்குக் கொண்டுவந்து ஓரடி முன்னே நகர்த்த விரும்புகிறேன். காலனியச் சந்திப்பில் நடந்த பூசல்கள் போலச்செய்தலைப் பற்றியவை அல்ல. யாருடைய சாயலை யார் எடுக்கலாம், அதற்கு எல்லை வகுக்கும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றியவை. இந்தக் கருத்துக்கான சான்றுகளைத் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. சாத்தான்குளத்தைச் சுற்றியுள்ள மணற்பாங்கான தேரிக்காட்டிலும், மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தும், வடமேற்கே தாமிரபரணி இறங்கிவரும் மலையடியிலும் அவை கிடைக்கின்றன.

முதல் சான்று ஒரு வெள்ளைக்காரச் சாமி. 1809 பிப்ரவரியில், திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணைப் பிடித்தது. அந்தச் சண்டையில் ஓர் ஆங்கில அதிகாரி படுகாயமுற்று இறந்தார். போர்க்களத்திலிருந்து சுமார் 25 மைல் தள்ளி, ஒரு மணற்காட்டில் அவரைப் புதைத்தார்கள். பின்னர் அக்கம்பக்கத்து நாடார் மக்கள் அந்த இடத்தில் அவரை வழிபடத் தொடங்கினார்கள். படையல் என்ன? சாராயமும் சுருட்டும். இதைப் பதிவு செய்தவர் இடையன்குடியில் இருந்த ராபர்ட் கால்டுவெல். 1849இல் சென்னையில் வெளியான ‘தி டின்னவெல்லி ஷானார்ஸ்’ என்ற சிறு நூலில், அண்மைக்காலம் வரை இந்த வழிபாடு நடந்தது என்றும், வழிபாட்டில் பாடப்பட்ட பாட்டுகளிலிருந்தே அந்த மனிதர் இன்னார் என்று தெரிகிறது என்றும் அவர் எழுதினார். பின்வந்தவர்கள் அந்த அதிகாரியைக் கேப்டன் போல் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள். கால்டுவெல்லுக்கு இது அறியாமையின் உச்சமாகத் தெரிந்தது. ஐரோப்பிய நூல்களில் இந்தச் செய்தி ஒரு விநோதமாகவே நூறாண்டுக்கு மேல் சுற்றி வந்தது.

விநோதம் என்று ஒதுக்காமல் இதை நெல்லை நாட்டு வழிபாட்டு முறைக்குள் வைத்துப் பார்ப்போம். இங்கே சாமியாகிறவர்களில் பலர் அகால மரணம் அடைந்தவர்கள். வெட்டுப்பட்டவர், கொலையுண்டவர், சொந்த ஊர் போய்ச் சேராதவர். வாழ்ந்து முடிக்காத உயிர் அந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. அதை ஆற்றுப்படுத்த வேண்டிய கடமை அந்த இடத்தில் வாழ்பவர்களுக்கு வந்து சேர்கிறது. ஒரு மண் பீடம், அதற்குச் சுண்ணாம்புப் பூச்சு, ஆண்டுக்கொரு கொடை விழா. கொடையன்று வில்லுப்பாட்டில் அந்த உயிரின் கதை பிறப்பிலிருந்து சாவு வரை பாடப்படும். கதை உச்சத்தை நெருங்கும்போது சாமியாடி சல்லடம் கட்டி, தலையில் குல்லாய் வைத்து, கையில் வல்லயம் ஏந்தி நிற்பார். அந்த உடையும் ஆயுதமும் சாமியுடையவை. அவற்றைப் பூணுவதால் அவர் சாமியைப் போல் ஆகிறார். கொட்டு ஏறும்போது சாமியாகவே ஆகிறார். படையலும் இதே முறைதான். உயிரோடு இருந்தபோது அவருக்கு எது உரியதோ அதுவே அவருக்கு வைக்கப்படும்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டும் இடம் தாமிரபரணிக் கரையில், காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயில். அங்கே பட்டவராயருக்கு நேர்த்திக்கடனாகத் தோல் செருப்பு செலுத்துகிறார்கள். பட்டவராயர் என்பவர் முத்துப்பட்டன். நா. வானமாமலை பதிப்பித்த ‘முத்துப்பட்டன் கதை’ வழியாகத் தமிழுலகம் முழுவதும் அறிந்தவர். பிராமணராகப் பிறந்து, அருந்ததியர் குலத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்பினார். பெண்களின் தந்தை வாலப்பகடை நிபந்தனை வைத்தார். குடுமியையும் பூணூலையும் களைந்து, செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்று, எங்களில் ஒருவனாக வா என்றார். பட்டன் அப்படியே வந்தார். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டார். அவருக்குச் செருப்பு எதற்கு என்று இந்தப் பகுதியில் யாரும் கேட்பதில்லை. அவர் ஏற்றுக்கொண்ட வாழ்க்கையின் பொருள் அது. தேரிக்காட்டு ஆங்கிலேயருக்குச் சுருட்டு வைத்ததும் அதே முறைப்படிதான்.

ஆகவே சுருட்டும் சாராயமும் வெள்ளைக்காரனின் அதிகாரத்துக்கு முன்னால் மண்டியிட்டதற்கு அடையாளம் என்று கொள்ள முடியாது. கால்டுவெல்லின் குறிப்பில் வருபவர் கலெக்டராகவோ வெற்றி வீரராகவோ வரவில்லை. காயம்பட்டுச் செத்து மணலில் கிடக்கும் மனிதராக வருகிறார். அவருடைய வாழ்க்கை முறையை ஊரார் கவனித்திருக்கிறார்கள்: இவர்கள் இதைக் குடிப்பார்கள், இதைப் புகைப்பார்கள். அந்தக் கவனிப்பே படையலாயிற்று. அயலாரின் சாயலை எடுத்து, அதைத் தங்கள் முறைக்குள் வைத்து, அவருக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஹவுக்கா என்ற சாமியாட்டக்காரர்களை ழான் ரூஷ் 1954இல் அக்ராவில் படமாக்கினார். அவர்கள் கவர்னராகவும் ரயில் ஓட்டுநராகவும் ஆவேசம் கொண்டு ஆடினார்கள். கவர்னர் சிலையின் தலையில் முட்டையை உடைத்து, தொப்பியில் செருகிய வெள்ளை இறகைக் காட்டினார்கள். அந்தப் படத்தை அங்கிருந்த பிரிட்டிஷ் அரசு தடை செய்தது. ஹவுக்கா பிடித்துக்கொண்டது ஆள்பவரின் பதவியை. தேரிக்காடு பிடித்துக்கொண்டது சாகும் மனிதரை. இரண்டும் போலச்செய்தல்தான். ஆனால் எதைப் போலச் செய்வது என்பதைத் தீர்மானித்தவர்கள் இரண்டு இடத்திலும் அந்த மக்களே.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். இங்குள்ள பல சாமிகளுக்கும் சாராயமும் சுருட்டும் படைப்பதுதானே வழக்கம். சுடலைமாடனுக்கே அவை உண்டே. இதில் ஆங்கிலேயரைப் போலச்செய்தல் எங்கே இருக்கிறது? நியாயமான கேள்வி. இந்த மறுப்பு என் வாதத்தைக் குலைப்பதற்குப் பதிலாகக் கூர்மையாக்குகிறது. புதிதாக வந்த அயலாருக்கென்று புது முறை எதுவும் உண்டாக்கப்படவில்லை என்பதே இதில் பெறப்படும் உண்மை. சாராயமும் சுருட்டும் ஒரே நேரத்தில் வெள்ளைக்கார அதிகாரியின் பழக்கமாகவும் இருந்தன, இந்த மண்ணின் சாமிகளுக்குரிய படையலாகவும் இருந்தன. அந்தப் பொருத்தத்தின் வழியே அவர் உள்ளே வந்தார். முழுக்க முழுக்க வேறானவர் என்று ஒருவரை வைத்துவிட்டால் அவருக்குப் படைக்க ஒன்றும் இருக்காது. மற்றமையை அறிவதற்கும் ஒரு சாயல் வேண்டியிருக்கிறது.

இனி அந்தச் செய்தியை நமக்குச் சொன்னவரிடம் வருவோம். கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்தவர். 1841இல் நெடுவழி நடந்து திருநெல்வேலிச் சீமைக்கு வந்து இடையன்குடியில் தங்கியவர். 1856இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அவர் தமிழுக்கு அளித்த பெருங்கொடை. அதற்கான நன்றியை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1849இல் அவர் எழுதிய சிறுநூல் வேறு வகையானது. இங்கிலாந்தில் மிஷனுக்குப் பொருளுதவி செய்பவர்களுக்காக ஒரு மக்கள் கூட்டத்தின் தோற்றம், மதம், அறிவு, ஒழுக்கம் அனைத்தையும் அது வரைந்து காட்டியது. அவர்கள் இலங்கையிலிருந்து குடியேறியவர்கள் என்றது. அறிவில் மந்தமானவர்கள் என்றது. மானிடவியல் விவரணை என்று நாம் இன்று அழைக்கும் எதுவும் ஒரு சாயலை எடுப்பதுதான். உயிரோடு உள்ள மக்களைப் பார்த்து அவர்களைப் போன்ற ஒன்றை எழுத்தில் செய்வது. அந்த வகையில் தேரிக்காட்டு மக்கள் இறந்த அதிகாரிக்குச் செய்ததையும் கால்டுவெல் அந்த மக்களுக்குச் செய்ததையும் அருகருகே வைக்கலாம். இருவரும் அயலாரின் சாயலை எடுத்துத் தம் முறைக்குள் வைத்தார்கள். ஒரு வேறுபாடு உண்டு. இறந்த அதிகாரி எழுந்துவந்து தன் சாயலை மறுத்துப் பேச முடியாது. கால்டுவெல் எழுதியவர்களோ உயிரோடு இருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடங்களின் தலைமுறையே அவரைப் படித்தது.

படித்தவர்களில் முக்கியமானவர் அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை. சாயர்புரத்தில் பயின்று நாசரேத்தில் உபதேசியாராக இருந்தவர். அங்கிருந்த மிஷனரியோடு முரண்பட்டு வெளியேறியவர். கால்டுவெல்லின் நூலுக்கு எதிராக எழுந்த குரல்களுக்கு அவர் தலைமை ஏற்றார். அந்த எதிர்ப்பு அவரோடு முடிந்துவிடவில்லை. 1880களிலும் மறுப்பு நூல்கள் வெளிவந்துகொண்டிருந்தன. மேலைநாட்டு மானிடவியல், எழுதப்பட்டவர்கள் எழுதியவரை எதிர்த்துப் பேசும் நிலையை 1970களிலும் 80களிலும்தான் தன் நெருக்கடியாக உணர்ந்தது. எட்வர்ட் செய்தின் ‘ஓரியண்டலிசம்’ 1978இலும், கிளிஃபோர்டும் மார்க்கஸும் தொகுத்த ‘ரைட்டிங் கல்ச்சர்’ 1986இலும் வந்தன. அதற்கு நூறாண்டுக்கும் மேல் முன்பே நாசரேத்திலும் பிரகாசபுரத்திலும் அந்த விவாதம் நடந்துவிட்டது. நம் வரலாற்றை நாம் எழுதும்போது இதைச் சாதிப் பெருமைக்கான சண்டை என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது. தன்னைப் பற்றி வரையப்பட்ட சாயலைத் திருத்தும் உரிமை தனக்கு உண்டு என்று ஒரு மக்கள் கூட்டம் கோரியது. அந்தக் கோரிக்கைக்கு அறிவுலக மதிப்பு உண்டு.

சட்டம்பிள்ளை மறுப்போடு நிற்கவில்லை. 1857இல் பிரகாசபுரத்தில் ஏக இரட்சகர் சபை என்று பின்னர் அறியப்பட்ட தனிச் சபையை உருவாக்கினார். எபிரேய மொழியையும் கிரேக்க மொழியையும் கற்றார். வேதாகமத்தில் உள்ளபடி ஓய்வுநாள் சனிக்கிழமைதானே, ஞாயிறு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். யூதப் பண்டிகைகளை எடுத்துக்கொண்டார். தூபம் காட்டுதலையும் சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குதலையும் ஆராதனையில் சேர்த்தார். அவை வேதத்திலும் உள்ளவை, இந்த மண்ணிலும் உள்ளவை. ஐரோப்பியர் கொண்டுவந்த கிறிஸ்தவம் மூலமன்று, ஐரோப்பியப் பழக்கவழக்கங்கள் ஏறிய ஒரு நகல். ஆசியாவில் பிறந்த மதத்துக்கு ஆசியாவைச் சேர்ந்த நாம் நேரடி வாரிசுகள் என்பது அவருடைய நிலைப்பாட்டின் சாரம். இந்தப் பகுதியின் ஊர்ப்பெயர்களை எண்ணிப் பாருங்கள்: நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், கிறிஸ்தியாநகரம், சுவிசேஷபுரம். 1799இல் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் தாவீது சுந்தரானந்தம் முதலூரை உருவாக்கியது முதல், புது ஊரும் புதுப் பெயரும் நேர்த்தெருவும் புது வாழ்வின் அடையாளங்களாக இருந்தன. ஓர் ஊருக்கு நாசரேத் என்று பெயர் வைப்பது பாலஸ்தீனத்தின் சாயலைத் தேரிக்காட்டில் நிறுவுவது. அந்தச் சாயலை மிஷன் ஓர் அளவோடு நிறுத்தியது. நாசரேத்து மக்கள் லண்டன் வழியாகவே அசல் நாசரேத்துக்குப் போக முடியும் என்று அது கருதியது. சட்டம்பிள்ளை லண்டனைத் தாண்டிப் போனார். எல்லை வகுக்கும் உரிமையை அவர் எடுத்துக்கொண்டார். அவர்மேல் மிஷன் கொண்ட கோபத்தின் வேர் அதுவே.

அதிகாரம் போலச்செய்தலை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் தென் திருவிதாங்கூரில் இருக்கிறது. மார்பை மூடி உடுத்தும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தின் கதை நீங்கள் அறிந்தது. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று அனுமதி கிடைத்தது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிவது போன்ற சட்டை அது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் மேல்சீலை போடக் கூடாது. பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை, மேல்சீலையையும் போட்டார்கள். அடியும் தீவைப்பும் நடந்தன. 1829 பிப்ரவரியில் ஓர் அரசாணை மீண்டும் தடுத்தது. 1858, 59இல் கலவரம் மறுபடி வெடித்தது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யனின் அழுத்தத்துக்குப் பிறகு, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அதன் வாசகங்களின் சாரத்தை நிதானமாகப் பாருங்கள். நாடார் பெண்கள் கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போல் சட்டை அணியலாம். எந்த மதத்தவராயினும் முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எந்த விதமாகவும் மார்பை மூடிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தக் கூடாது.

இந்தப் பிரகடனத்தில் மானம் பிரச்சினையாக இல்லை. மறைத்துக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டது. துணியும் பிரச்சினையாக இல்லை. ‘யாரைப் போல்’ என்பது ஒன்றே பிரச்சினை. மக்கள் யாருடைய சாயலை எடுக்கலாம், யாருடைய சாயலை எடுக்கக் கூடாது என்று அரசு ஒரு பட்டியலே போட்டுத் தருகிறது. கடற்கரைப் பெண்ணைப் போல் இரு, மதம் மாறிய உன் உறவுக்காரியைப் போல் இரு. உயர்சாதி நாயர் பெண்ணைப் போல் இராதே. காலனிய ஆட்சி தன் குடிமக்கள் ஏறக்குறைய தன்னைப் போல் ஆக வேண்டும், ஆனால் முழுக்க ஆகிவிடக் கூடாது என்று விரும்பியதாக ஹோமி பாபா 1984இல் எழுதினார். அவர் விவரித்த மனநிலையைத் திருவிதாங்கூர் அரசு அதற்கு 125 ஆண்டுகளுக்கு முன்பே சட்டமாக எழுதி வைத்திருந்தது. அந்தச் சட்டத்தை எழுதியது வெள்ளைக்கார அரசன்று, சாதி அரசு. இதை நாம் மறக்கலாகாது. போலச்செய்தலுக்கு அஞ்சியது காலனியம் மட்டுமென்று எழுதினால் பாதி உண்மையை மறைத்தவர்களாவோம். ஓர் அடையாளத்தில் தன் உயர்வைத் தேக்கி வைத்திருக்கும் எவருக்கும், அந்த அடையாளம் இன்னொருவர் தோளில் ஏறும்போது உயர்வே கைவிட்டுப் போவதாகத் தோன்றும். மேல்சீலை ஒரு துண்டுத் துணி. அதன் விலை அது எல்லோருக்கும் கிடையாது என்பதில்தான் இருந்தது.

இங்கே இரண்டாவது மறுப்பு வரும். இதெல்லாம் மேல்நோக்கிய ஆசைதானே, எம். என். ஸ்ரீநிவாஸ் 1952இல் குடகர்களைப் பற்றி எழுதியபோது சமஸ்கிருதமயமாதல் என்று பெயரிட்டாரே. தாழ்த்தப்பட்டவர்கள் மேலிருப்பவர்களின் பழக்கங்களை எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதானே என்பார்கள். அந்தக் கருத்தாக்கத்துக்குப் பயன் உண்டு. நாடார் வரலாற்றிலேயே பூணூல் அணிதலும் சத்திரியர் என்ற உரிமைகோரலும் உண்டு. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு 1908இல் பிரிவி கவுன்சில் வரை போனது. இருந்தாலும், நான் முன்வைத்த சான்றுகளை அந்தக் கருத்தாக்கம் தாங்காது. முத்துப்பட்டன் கதையில் போலச்செய்தல் கீழ்நோக்கிப் போகிறது; நிபந்தனை வைப்பவர் வாலப்பகடை. சட்டம்பிள்ளை தனக்கு மேலிருந்த மிஷனரியை விட்டுவிட்டு, எந்த அதிகாரமும் இல்லாத பண்டை யூதர்களைப் போலச் செய்கிறார். தேரிக்காட்டில் புதைக்கப்பட்ட அதிகாரிக்கு ஆட்சியும் இல்லை, படையும் இல்லை. போலச்செய்தல் எப்போதும் மேட்டை நோக்கியே ஏறும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், மக்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.

சுவாமித்தோப்பு அய்யா வைகுண்டரை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். 1809இல் பிறந்து 1851இல் மறைந்தவர்; திருவிதாங்கூர் அரசால் சிறைவைக்கப்பட்டவர். அவருடைய அன்பர்கள் 1841இல் இயற்றப்பட்ட ‘அகிலத்திரட்டு அம்மானை’யைப் போற்றுகிறார்கள். திருவிதாங்கூர் அரசையும் வெள்ளையர் ஆட்சியையும் சேர்த்தே அந்த நூல் எதிர்க்கிறது. அவர் வழிவந்த அய்யாவழியின் வழிபாட்டிடங்களான பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வணங்குகிறார்கள். மேலோர் முன்னால் தலையில் கட்டிய துணியை அவிழ்க்க வேண்டியிருந்த ஒரு நாட்டில், தெய்வத்தின் முன்னாலேயே தலைப்பாகையோடு நிற்பது அரசருக்குரிய சாயலை ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்வது. கருவறையில் சிலைக்குப் பதில் நிலைக்கண்ணாடி. வணங்க வருகிறவர் விளக்கொளியில் காண்பது தலைப்பாகை அணிந்த தம் உருவத்தை. அரசருக்கு உரியதை எடுத்து, அரசரை வணங்காமல், எடுத்தவரையே மதிப்புக்குரியவராக நிறுத்துகிறது இந்த வழிபாடு. அய்யாவழி நிழல் தாங்கல்கள் கன்னியாகுமரியைத் தாண்டி நம் தூத்துக்குடி, நெல்லை ஊர்களிலும் பரவியதற்கு இந்த மதிப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

மூன்றாவது மறுப்பு கனமானது. பிறரைப் போலச் செய்கிறவர்கள் தங்களை இழக்கிறார்கள்; கோட்டும் தொப்பியும், பிரிட்டிஷ் ஊர்ப்பெயரும், கோதிக் கோபுரமும் அடிமைத்தனத்தின் தழும்புகள்; இவற்றை உரிமைகோரல் என்று அழகுபடுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காலனியம் அவமானத்தை விதைத்தது உண்மை. தன் பாட்டனின் சாமியைச் சொல்ல வெட்கப்படும்படி ஒரு தலைமுறை வளர்க்கப்பட்டதும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மறுப்பு ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு பேசுகிறது: தனக்கென்று மாறாத ஓர் அசல் ஒவ்வொரு சமூகத்துக்கும் உண்டு, அந்த அசலுக்குள்ளேயே அது இருக்க வேண்டும் என்பது அது. 1859 பிரகடனமும் இதையேதான் சொல்லியது. நீ உன் அசலில் இரு என்று ஆள்பவர் சொன்னால் அது அடக்குமுறை. பற்றுள்ள அறிஞர் சொன்னால் அது பண்பாட்டுப் பாதுகாப்பு என்று இரண்டு தராசு வைத்துக்கொள்ள முடியாது. ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன், ஐரோப்பியரைப் போல் வாழ விரும்பும் ஆப்பிரிக்கரைக் கண்டு மானிடவியலாளர்கள் சங்கடப்படுவதைச் சுட்டிக்காட்டினார். உலகத்தில் சம உறுப்பினராக வேண்டும் என்ற கோரிக்கையை அவர்கள் போலச்செய்தல் என்று தவறாகப் படிக்கிறார்கள் என்றார். தோளில் சீலை போட்ட பெண்களின் கோரிக்கையும் அதுவே. அவர்கள் நாயர் பெண்களாக மாற விரும்பவில்லை. நாயர் பெண்கள் நடக்கும் தெருவில், சந்தையில், அவர்களுக்குச் சமமாக நடக்க விரும்பினார்கள்.

நான்காவதாக, சான்றுகளைப் பற்றிய ஐயம். வெள்ளைக்காரச் சாமியைப் பற்றி நமக்குச் சொன்னவர் ஒரு மிஷனரி. சாமியை வணங்கியவர்களின் வாய்மொழி நம்மிடம் இல்லை. அப்படியிருக்க அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பேசலாமா? இந்த எச்சரிக்கை தேவையானது. அதனால்தான் அவர்கள் மனதில் இருந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் செய்ததைப் பற்றி மட்டுமே சொன்னேன். மணற்காடு, புதைத்த இடம், பாட்டு, சாராயம், சுருட்டு ஆகிய ஐந்தையும் கால்டுவெல் இழிவுபடுத்தவே எடுத்துச் சொன்னார் என்றாலும், சொன்னதில் செயல் தங்கிவிட்டது. அந்தச் செயலுக்கு அருகில் வைத்துப் பார்க்க இன்றும் உயிரோடு உள்ள கொடைகளும் சொரிமுத்து ஐயனார் கோயிலின் செருப்புகளும் இருக்கின்றன. காலனிய ஆவணத்தை அப்படியே நம்புவதும் தவறு, முழுக்கத் தூக்கி எறிவதும் தவறு. உள்ளூர் வழக்கத்தின் துணையோடு அதைத் திரும்ப வாசிப்பதே ஆய்வாளர் செய்யக்கூடியது.

இவற்றிலிருந்து பெறப்படுவது என்ன? மானிடவியல் கேட்டுவந்த கேள்வி, ‘இவர்கள் ஏன் எங்களைப் போலச் செய்கிறார்கள்?’ என்பது. அந்தக் கேள்வியைக் கேட்பவர் தன்னை அசலாகவும் மற்றவரை நகலாகவும் வைத்துவிட்டே தொடங்குகிறார். தேரிக்காடும் தென் திருவிதாங்கூரும் தாமிரபரணி மலையடியும் வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கின்றன: சாயலின் எல்லையை யார் வகுத்தார்கள், யார் மீறினார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டால், மிஷனரியின் நூலும் மகாராஜாவின் பிரகடனமும் ஒரே வரிசைக்கு வருகின்றன. ஒன்று ஒரு மக்களின் சாயலை அவர்களைக் கேட்காமல் வரைந்தது. மற்றொன்று அவர்கள் எந்தச் சாயலை எடுக்கலாம் என்று அவர்களைக் கேட்காமல் வகுத்தது. சுருட்டு படைத்தவர்களும், தோள்சீலை போட்டவர்களும், சனிக்கிழமை ஆராதித்தவர்களும், தலைப்பாகையோடு வணங்கியவர்களும் இன்னொரு வரிசையில் நிற்கிறார்கள். இவர்களுக்குள் மதத்தால் ஒற்றுமை இல்லை. ஒருவரை ஒருவர் கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் யாரைப் போல் இருப்பது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஒவ்வொருவரும் தம் வழியில் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த அவையில் இருக்கும் மாணவர்களுக்கு இதனால் ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது. இன்று கொடை விழாக்களைக் கேமராவில் பிடிக்கிறோம், சாமியாடிகளைப் பேட்டி காண்கிறோம், சாதிகளைப் பற்றி ஆய்வேடுகள் எழுதுகிறோம். சாயலை எடுக்கும் இடத்தில் இப்போது நாம் நிற்கிறோம். அந்தச் சாயல் யாருடையதோ அவர்கள் அதை வாசிக்க வேண்டும், திருத்த வேண்டும், மறுக்க வேண்டும். அதற்கு ஆய்வு தமிழில் எழுதப்பட வேண்டும். எழுதியது அந்த ஊருக்குத் திரும்பி வர வேண்டும். சபைப் பதிவேடுகளும், வில்லுப்பாட்டுப் புலவர்களின் கையெழுத்து ஏடுகளும், நிழல் தாங்கல்களின் வாய்மொழி மரபும் அந்தந்த ஊரார் பங்கேற்போடு தொகுக்கப்பட வேண்டும். சட்டம்பிள்ளையின் தலைமுறை தன்னைப் பற்றி எழுதப்பட்ட நூலை அச்சாகிப் பரவிய பிறகே வாசித்து மறுக்க முடிந்தது. நாம் எழுதப்போகும் நூல்களை, எழுதப்படுகிறவர்கள் அச்சேறும் முன்பே வாசிக்கும்படி செய்ய நம்மால் முடியும். சாத்தான்குளத்தைப் பற்றி இனி எழுதப்படும் எந்த ஆய்வையும் இந்த ஓர் அளவுகோலைக் கொண்டு நீங்கள் சோதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.